மாப்பிள்ளை வீட்டு மாத்திரை

தங்கச்சி, மாத்திரையத் தண்ணி இல்லாம முழுங்காதீங்க. இந்தாங்க, எங்கிட்ட பாட்டில் இருக்கு. கொதிக்க வச்சு ஆத்துன தண்ணி. வாய் வச்சுக் குடிக்கிற பழக்கம் எனக்கு இல்ல, தைரியமாக் குடிங்க. இன்னும் கொஞ்சம். பஸ்ஸுல போறோம், நடுவழியில எறங்கணும்னா என்ன செய்யன்னு நெனைப்பீங்க. பொம்பளைக எல்லாரும் அப்படித்தான் நெனைக்கோம்.

அது என்ன மாத்திரை? சத்து மாத்திரையா. டாக்டர் எழுதிக் குடுத்தாரா, நீங்களா வாங்குனதா? நான் ஒண்ணும் சொல்லல. சத்து மாத்திரைன்னா எனக்கு ஒரு கதை இருக்கு, அதான் கேட்டேன்.

நான் ஒட்டன்சத்திரம் போறேன். மகன் அங்க தீயணைப்பு நிலையத்துல இருக்கான். சந்தனகுமார்னு பேரு. அரசாங்க உத்தியோகம். ஆள் நல்ல உயரம், அவுக அப்பா மாதிரி நல்ல செவப்பு. முப்பத்திமூணு ஆச்சு, இன்னும் கல்யாணம் ஆகல. நிச்சயம் பண்ணி, மண்டபம் பேசி, பத்திரிகை அடிக்கக் குடுக்குற நேரத்துல நின்னுபோச்சு. எங்க ஊர் சாத்தூர்ல எல்லாரும் என்னாலதான் நின்னுச்சுன்னு பேசுதாக. எந்தம்பி பொண்டாட்டி என் முகத்துக்கு நேராவே சொல்லிட்டா. நான் ஒண்ணுமே செய்யல, தங்கச்சி. ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். நீங்க வெளியூர்க்காரவுக, எனக்காகவும் பேச வேண்டாம், அவுகளுக்காகவும் பேச வேண்டாம். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

பொண்ணுக்குக் கோவில்பட்டி. செண்பகவல்லின்னு பேரு. அங்க ஒரு பெரிய ஜவுளிக்கடையில, பட்டுச் சேலை எடுத்துப் போட்டுக் காட்டுற வேலை. அப்பா டீக்கடை வச்சிருக்காரு. அம்மா வேலம்மா வீட்டுல இட்லி மாவு ஆட்டி விக்காக. வசதி இல்லாத குடும்பம். நான் அதையெல்லாம் பாக்கல. இவன் அப்போ கோவில்பட்டி ஸ்டேசன்ல இருந்தான். கடையில தீப்பிடிச்சா எப்படி வெளிய வரணும்னு வேலை பாக்குற பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கப் போயிருக்காக. மத்த பிள்ளைக எல்லாம் சிரிச்சுக்கிட்டு நிக்க, இவ மட்டும் முன்னால வந்து, மாடியில பின்பக்கத்துக் கதவை எப்பவும் பூட்டியே வச்சிருக்காங்க சார், அதை மொதல்ல தெறக்கச் சொல்லுங்கன்னு முதலாளி நிக்கும்போதே சொல்லியிருக்கா. இவனுக்குப் பிடிச்சுப்போச்சு. வீட்டுல வந்து, அம்மா, ஒரு பொண்ணு இருக்கு, போய்ப் பாருன்னான்.

போய்ப் பாத்தேன். நல்ல பிள்ளை. அதை நான் இன்னைக்கும் சொல்லுவேன். பேச்சு அளந்து பேசும். கையி எவ்வளவு பாந்தமா இருக்கும்னு நெனைக்கீங்க, பட்டைத் தொட்டுத் தொட்டு அப்படி ஆயிருச்சோ என்னமோ. நிறந்தான் கம்மி. கம்மின்னா மாநிறம்னு அவுக சொன்னாக. மாநிறம் இல்ல, கறுப்புதான். இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

நிச்சயதார்த்தம் வைகாசியில நடந்துச்சு. கல்யாணம் தையில. நிச்சயத்து அன்னைக்குப் போட்டோ எடுத்தாக. எங்க நாத்தனா லெட்சுமணத்தாய் பக்கத்துல நின்னு, என்ன மதினி, ஜோடி பகலும் ராத்திரியுமா இருக்குன்னு சொல்லிச் சிரிச்சா. சுத்தி இருந்தவுகளும் சிரிச்சாக. அந்தப் பிள்ளை காதுல விழுந்திருக்கும். தலைய நிமிரவே இல்ல. அப்போ எனக்கு என் கல்யாணந்தான் நெனப்புக்கு வந்துச்சு. ஏன்னு கேளுங்க.

என்னையப் பாருங்க. நான் என்ன நிறம்? மறைக்க என்ன இருக்கு. எங்க வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுனவரு, தங்கமா இருப்பாரு. எங்க கல்யாணத்துல போட்டோ எடுக்க வந்தவன் எம்முகத்துல பவுடரை அப்பு அப்புன்னு அப்பிவிட்டான். வேர்த்து வழிஞ்சு, போட்டோவுல முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். எங்க மாமியா அந்தப் போட்டோவைச் சொவத்துல மாட்ட விடல. வர்றவுக பாத்துச் சிரிப்பாகன்னு பீரோவுக்குள்ள வச்சுட்டாக. அவரு நல்ல மனுசன், அடிச்சதில்ல, வஞ்சதில்ல. ஆனா ஆள் இருந்தாலும் ஏ கறுப்பின்னுதான் கூப்பிடுவாரு. பிரியமாத்தான். நானும் சிரிச்சுக்கிட்டே போவேன். அவரு போய்ச் சேந்து ஏழு வருசம் ஆச்சு. அந்தக் கறுப்பிங்குற சத்தம் இன்னும் காதுல இருக்கு.

அதனாலதான், அன்னைக்கு அந்தப் பிள்ளை கன்னத்தைத் தொட்டு, கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் நிறம் ஏறிட்டா என் மருமக மகாலட்சுமின்னு சொன்னேன். இதுதான் நான் சொன்ன ஒரு வார்த்தை. இதுல என்ன தப்பு? நான் பட்டதை அவ படக் கூடாதுன்னு நெனச்சது தப்பா?

ஜன்னலை லேசா இறக்குங்க தங்கச்சி, வெயில் மூஞ்சில அடிக்கு. ஆங், போதும்.

அப்புறம் பார்லர். எங்க தெருமுக்குல புதுசா ஒரு பார்லர் தெறந்திருந்தாக. வாசல்ல பெரிய படம் போட்டிருக்கும், பாதி முகம் கறுப்பு, பாதி முகம் வெளுப்பு. நான் சும்மா விசாரிச்சேன். கிரீம் எல்லாம் மேல பூசுறது அக்கா, உள்ளுக்குச் சாப்பிட்டாத்தான் நிக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஒரு மாத்திரை பேரு வாயில நுழையல, குளுட்டான்னு ஆரம்பிக்கும். அதுகூட வைட்டமின் சி, தண்ணியில போட்டா பொங்கும், ஆரஞ்சு மிட்டாய் வாசம் அடிக்கும். ரெண்டும் சேந்தாத்தான் வேலை செய்யுமாம். டாக்டர்கிட்ட கேக்கணுமான்னு கேட்டேன். இது மருந்து இல்லக்கா, சத்துன்னுச்சு.

சத்துன்னா எனக்குத் தெரியாதா? நான் அங்கன்வாடியில ஆயாவா இருந்து ரிட்டயர் ஆனவ. எத்தனை பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடிச்சுக் குடுத்திருக்கேன். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரைய என் கையால குடுத்திருக்கேன். வைட்டமின் சின்னா நெல்லிக்காயில இருக்குறது, கொய்யாவுல இருக்குறது. அது என்ன பண்ணிரும்? அதனால அந்தப் பிள்ளைக்கு லீவு கெடச்ச அன்னைக்குச் சாத்தூருக்கு வரச் சொல்லி, நாந்தான் பார்லருக்குக் கூட்டிட்டுப் போனேன். கூட்டிட்டுத்தான் போனேன். கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகல. அவளும் வந்தா. சரி அத்தைன்னா. மொதல் மாசத்து டப்பாவை நானே வாங்கிக் குடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுல இருந்து குடுக்குற மொதல் பொருள்னு மஞ்சப் பையில வச்சுக் குடுத்தேன். அவ வீட்டுலயும் எல்லாரும் சந்தோசமாத்தான் வாங்கிக்கிட்டாக. அவுக அம்மா, மாப்பிள்ளை வீட்டுல எவ்வளவு அக்கறைன்னு பக்கத்து வீட்டுல காட்டினாகளாம்.

என் மகனுக்குப் பார்லருக்குப் போனது தெரியும். மாத்திரை விசயம் தெரியாது. ஏதோ கிரீம் பூசுதாகன்னு நெனச்சுக்கிட்டான்.

வாரத்துல ஒருநாள் இவன் போன்ல முகம் பாத்துப் பேசுவான். பேசி முடிச்சதும் நான் போனை வாங்கிப் பாப்பேன். வெளிச்சத்துக்கு வாம்மா, திரும்பு, கழுத்தைக் காட்டுன்னு சொல்லுவேன். ரெண்டாம் மாசம் எனக்கு லேசாத் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. இவனும் பக்கத்துல நின்னு, ஆமாம்மா, முகம் பளிச்சுன்னுதான் இருக்குன்னான். அந்தப் பிள்ளை சிரிச்சா. சரியாத்தான போகுதுன்னு நெனச்சோம். ஆவணி, புரட்டாசி போச்சு. அதுக்கப்புறம் நிறம் அப்படியே நின்னுபோச்சு. கல்யாணம் நெருங்குது. பார்லர்ல கேட்டேன். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் அக்கா, மேல வேண்டாம்னு அந்தப் பொண்ணு இழுத்துச்சு. வேபாரம் பண்ணுறவளுக்கு என்ன தெரியும், அவ பயந்த சுபாவம். நான் செண்பகத்துக்கிட்ட, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போட்டுக்கோன்னு சொன்னேன். பொங்குற மாத்திரையத்தான் சொன்னேன்.

அவ ஒருநாள் போன்ல, அத்தை, இடுப்புல ஒரு பக்கமா இழுத்துப் பிடிக்குது, ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னா. நின்னு நின்னு வேலை பாக்குற பிள்ளைக்கு இடுப்பு வலி வராதா? தைலம் தேய்ச்சுக்கோ, சூட்டுக்கு ஒரு இளநீ குடின்னு சொன்னேன். சொல்லாம விடல. அந்தக் கடையில காலையில நின்னா ராத்திரி வரைக்கும் நிக்கணும். பொம்பளப் பிள்ளைக ஒண்ணுக்குப் போற எடம் நாலாவது மாடியில. அடிக்கடி போனா சூப்பர்வைசர் ஒரு பார்வை பாப்பானாம். அதனால எந்தப் பிள்ளையும் தண்ணியே குடிக்காதாம். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? இன்னொண்ணும் உண்டு. தண்ணி நெறையக் குடிச்சா முகம் உப்பித் தெரியும், போட்டோவுக்கு நல்லா இருக்காதுன்னு எங்க நாத்தனா சொன்னதை நான் அவகிட்ட சொன்னேன்தான். சும்மா பேச்சுவாக்குல சொன்னது. அதையெல்லாம் ஒருத்தி மனசுல வச்சுக்கிடுவாளா?

கார்த்திகை மாசம் முகூர்த்தப் பட்டு எடுக்க மதுரைக்குப் போனோம். ரெண்டு வீட்டு ஆளுகளும் ஒரே வேன்ல போனோம். கடையில சேலை எடுத்துப் போடுறவுகளைப் பாத்து இவ சிரிச்சுக்கிட்டு இருந்தா. நான் ஒரு சந்தன நிறத்துச் சேலை எடுத்து அவ தோள்ல போட்டுப் பாத்தேன். கறுப்பா இருக்குறவுகளுக்கு வெளிர் நிறந்தான் கண்ணை உறுத்தாது. அப்படிக் கண்ணாடி முன்னால நிக்கும்போதுதான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மடிஞ்சு உக்காந்தா. மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போச்சு. அந்தச் சேலை மேலயே வாந்தி எடுத்துட்டா.

கடையே திரும்பிப் பாக்கு. எனக்கு என்ன தோணும்? நீங்களும் பொம்பளதான, சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னால ஒரு பொண்ணு வாந்தி எடுத்தா மாமியாக்காரிக்கு என்ன தோணும்? மகனைத் தனியாக் கூப்பிட்டு, அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கான்னு கேளுன்னேன். மெதுவாத்தான் கேட்டேன். வேலம்மா மதினி பக்கத்துல நின்னது எனக்குத் தெரியாது. அவன் என்னைய ஒரு பார்வை பாத்தான் பாருங்க. அவளைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு படி எறங்கிட்டான். தீயில இருந்து ஆளைத் தூக்கிட்டு வர்ற மாதிரி.

பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி. ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தாக. சிறுநீர்க் குழாயில கல்லு அடைச்சிருக்கு, கிட்னியிலயும் சின்னதா ரெண்டு இருக்குன்னாக. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. நான் நெனச்சது இல்லைன்னு ஆயிருச்சில்ல. அந்த டாக்டர் சின்ன வயசு. பொறுமையா உக்காந்து கேட்டாரு. என்ன சாப்பிடுவ, எவ்வளவு தண்ணி குடிப்ப, வேற ஏதாவது மாத்திரை எடுக்கியான்னாரு. வேலம்மா மதினிதான் பைக்குள்ள இருந்து டப்பாவை எடுத்து மேசையில வச்சாக. மாப்பிள்ளையோட பட்டு எடுக்கப் போறோம், வேளை தவறக் கூடாதுன்னு கையோட கொண்டாந்திருக்காக.

டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிச்சாரு. வைட்டமின் சி நல்லதுதாம்மா, ஆனா ஒடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை வெளிய தள்ளும், அதுல ஒரு பங்கு உப்பா மாறி சிறுநீர்ல வரும், தண்ணி பத்தாத ஒடம்புல அது படிஞ்சு கல்லாயிரும்னாரு. இவ்வளவு அதிகமா, இத்தனை மாசம் எடுக்கலாம்னு யார் சொன்னதுன்னு கேட்டாரு. அவ மொகட்டைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. நான் சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நர்ஸ் வந்து கூப்பிட, அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. போகும்போது இன்னொண்ணு சொன்னாரு, அதையும் கேளுங்க. மாத்திரை மட்டுந்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், நிக்கிற வேலையும் தண்ணி குடிக்காததும் சேந்திருக்கு, எல்லாருக்கும் இப்படி வராதுன்னாரு. பாத்தீங்களா? மாத்திரை மட்டும் காரணம்னு டாக்டரே சொல்லல. ஊர்ல அதை யாரும் சொல்ல மாட்டேங்காக.

குழாய் விட்டுக் கல்லை ஒடைச்சு எடுத்தாக. உள்ள ஒரு டியூப் வச்சு, பெறகு எடுத்தாக. டியூப் இருந்த நாளெல்லாம் அந்தப் பிள்ளை உக்கார முடியாம, படுக்க முடியாம கெடந்துச்சுன்னு மகன் சொன்னான். நான் ஆர்லிக்ஸ் குடுத்து விட்டேன்.

அந்தச் சமயத்துலதான் சொந்தக்காரவுக எல்லாம் வர ஆரம்பிச்சாக. கிட்னியில கோளாறாமே, நாளைக்குப் பிள்ளை பெறும்போது என்ன ஆகும், ஒண்ணு கெட்டா உன் மகன் கிட்னியைத்தான் குடுக்கணும்னு ஆளாளுக்குச் சொன்னாக. எனக்குப் பயம் வந்துருச்சு. ஒத்தைப் பிள்ளைய வச்சிருக்கவளுக்குப் பயம் வராதா? அதனால அவுக அப்பாவுக்கு நானே போன் பண்ணினேன். கல்யாணத்தை வேண்டாம்னு சொல்லல. ரெண்டு கிட்னியும் நல்லா இருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் குடுத்துருங்க, எங்க ஆளுகளுக்குக் காட்டணும்னு மரியாதையாத்தான் கேட்டேன். அவரு சரின்னு சொல்லிப் போனை வச்சுட்டாரு. சத்தம் போடல, ஒண்ணும் செய்யல.

வேலம்மா மதினிதான் பொறுக்க முடியாம என் மகனுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாக. யாரு பார்லருக்குக் கூட்டிட்டுப் போனா, யாரு டப்பா வாங்குனா, யாரு ரெண்டு போடச் சொன்னா, மதுரைக் கடையில யாரு என்ன கேட்டா. பூராவும். அவன் டூட்டி முடிஞ்சு யூனிபார்மோட வந்து அடுப்படி வாசல்ல நின்னான். நான் வழக்கம்போல சாப்பிடுறியான்னு கேட்டேன். கெளம்பு, கோவில்பட்டிக்குப் போறோம், வந்து நீயே அந்தப் பிள்ளைகிட்ட பேசுன்னான். மன்னிப்புக் கேளுன்னு அவன் சொல்லல. பேசுன்னுதான் சொன்னான். நானும் பேசத்தான் போனேன். பழம், பூ எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன்.

அவ மெலிஞ்சு போயிருந்தா. வந்து எதுத்தாப்புல ஸ்டூல்ல உக்காந்தா. நிறமும் பழையபடி ஆயிருந்துச்சு. அந்த நேரத்துல அதையா பாத்தேன்னு நீங்க நெனைப்பீங்க. கண்ணுல படுதே, என்ன செய்ய. நடந்தது நடந்துபோச்சும்மா, யார் கண்ணு பட்டுச்சோ, தையில நல்லபடியா முடிச்சிருவோம்னு சொன்னேன். மகன் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தான்.

அவதான் பேசினா. சத்தமே இல்லாமத்தான் பேசினா.

“அத்தை, கல்லு போயிருச்சு, வலியும் போயிருச்சு. உங்க மேல கோவப்பட எனக்குத் தெம்பு இல்ல. ஆனா உங்க வீட்டுக்கு வந்தா, நான் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும்னாலும் உங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் குடிப்பேன். அப்படி என்னால இருக்க முடியாது.”

நான் பதறிப்போயி, என்னம்மா இது, உன்னைய மகளாட்டம்தான நெனச்சேன்னேன். அவ என்னைய விட்டுட்டு அவனைப் பாத்தா.

“உங்ககிட்ட ஒரே ஒரு குறைதான். நான் இருக்குற நிறத்துல உங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு நீங்க ஒருநாள்கூடச் சொல்லல. போன்ல முகம் பளிச்சுன்னு இருக்குன்னு மட்டும் சொன்னீங்க. அன்னைக்குச் சாயங்காலந்தான் நானா இன்னொரு மாத்திரை சேத்துப் போட்டேன்.”

கேட்டீங்களா? நானா போட்டேன்னு அவ வாயாலேயே சொன்னா. நான் ரெண்டுதான் சொன்னேன். நான் சொல்லுறதுக்கு முன்னாலயே அவளா ஒண்ணு கூடப் போட்டிருக்கா. இதையும் ஊர்ல யாரும் சொல்ல மாட்டேங்காக.

அவன் ஏதாவது சொல்லுவான்னு பாத்தேன். எரியுற வீட்டுக்குள்ள போறவன், அந்தப் பிள்ளை முன்னால ஒரு வார்த்தை பேச முடியாம உக்காந்திருந்தான். கடைசியில, பிடிச்சுதான் வந்தேன், சொல்லணும்னு தெரியலன்னான். அவ தலைய ஆட்டினா. எந்திரிச்சு உள்ள போயிட்டா. அவ்வளவுதான். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தை மறுநாளே அவுக அப்பா கொண்டாந்து குடுத்துட்டாரு. டீ போடுறேன்னேன், வேண்டாம்னுட்டாரு.

மகன் கேட்டு வாங்கி ஒட்டன்சத்திரத்துக்கு மாத்தல்ல போயிட்டான். எங்கிட்ட சண்டை போடல. சண்டை போட்டாத் தேவலைன்னு இருக்கு. போன் பண்ணினா எடுப்பான். சாப்பிட்டியான்னா சாப்பிட்டேம்பான். வேற பொண்ணு பாக்கவான்னா, டூட்டி இருக்கும்மா, வைக்கேன்பான். ரெண்டு வருசம் ஆகப் போகுது. ஒரு வீடு நெறையப் பாத்திரம் வாங்கி வச்சிருக்கேன். ஒத்தை ஆளாச் சோறாக்கி, ஒத்தை ஆளாத் திங்கேன். அவன் இருந்தப்போ பெரிய சட்டியில குழம்பு வைப்பேன், இப்போ அதுவும் இல்ல. நான் யாருக்குக் கெட்டது நெனச்சேன், தங்கச்சி? என் வாழ்க்கையில நான் ஒரு பிள்ளைக்குக்கூடக் கெட்டுப்போன உருண்டை குடுத்ததில்ல.

இந்தப் பஸ் ஏன் இப்படி உருட்டுது. ரோடு வேலை நடக்கோ.

போன மாசம் கோவில்பட்டியில எங்க சித்தப்பா மகன் வீட்டு விசேசம். உடுத்திட்டுப் போக நல்ல சேலை இல்ல. ஒருநாள் முன்னாலயே போயிட்டேன். அந்த ஊர்ல ஜவுளிக்கடைக்கா பஞ்சம்? தெருவுக்கு ரெண்டு இருக்கு. கால் அந்தக் கடைக்குத்தான் போச்சு. அவ அங்க இருப்பாளா, கல்யாணம் முடிஞ்சு போயிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் போனேனோ என்னமோ.

இருந்தா. அதே பட்டு விக்குற எடத்துல. இப்போ அங்க பிள்ளைகளுக்கு உக்கார ஸ்டூல் போட்டிருக்காக. அவ பக்கத்துல பெரிய தண்ணி பாட்டில் ஒண்ணு. நான் போயி நிக்கவும் எந்திரிச்சா. முகத்துல ஒண்ணும் காட்டல. வாங்கம்மா, என்ன பாக்கணும்னா. அம்மான்னா, தங்கச்சி. கடைக்கு வர்ற எல்லாரையும் கூப்பிடுற அம்மா. அத்தைன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்த பிள்ளை.

ஏதாவது வெளிர் நிறத்துல காட்டும்மான்னேன். நான் எப்பவும் சாம்பல், சந்தனம், மாவு நிறம், இதுதான் உடுத்துவேன். கல்யாணம் ஆனதுல இருந்து அப்படித்தான், எங்க மாமியா சொன்னது. அவ நாலைஞ்சு எடுத்துப் போட்டா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் பிடிபடல. அவ என்னையக் கொஞ்ச நேரம் பாத்தா. முகத்தை இல்ல, சேலை பாக்குறவ ஆளைப் பாப்பாளே, அப்படி. அப்புறம் பின்னால திரும்பி மேல்தட்டுல இருந்து ஒரு சேலைய உருவினா. நல்லா பழுத்த மாம்பழம் இருக்கே, அந்த மஞ்சள். அரக்குக் கரை. ஐயோ, இதெல்லாம் எனக்கு எடுக்காதும்மா, கண்ணு கூசும்னேன். அவ கேக்கல. மடிப்பைத் தட்டி விரிச்சு, என் தோள்ல போட்டு, கண்ணாடி பக்கமாத் திருப்பி விட்டா.

“உங்க நிறத்துக்கு இதுதான்மா எடுப்பு. இத்தனை நாளு ஏன் உடுத்தாம இருந்தீங்க?”

கடைக்காரப் பிள்ளைதான, சொல்லத்தான் செய்யும். வர்றவுக எல்லார்கிட்டயும் சொல்லும். எனக்குத் தெரியும். இருந்தாலும் அதைத் தோள்ல இருந்து எடுக்கல. நிறத்துக்குன்னா ஒரு குத்தல் இருக்கான்னு அவ முகத்தைப் பாத்தேன். இல்ல. சாதாரணமாத்தான் மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தா. நான் கண்ணாடியப் பாத்தேன். இந்த அறுபத்தோரு வயசுல, எனக்கே நான் வேற யாரோ மாதிரி இருந்தேன். நல்லா இருந்தேன், தங்கச்சி. நிசமாவே நல்லா இருந்தேன்.

இதைப் போட்டுருன்னேன். அவ மடிச்சுக் குடுத்தா, அடுத்து நின்னவுகளைக் கவனிக்கப் போயிட்டா. நானும் கீழ எறங்கி, பில்லைக் கட்டி, ரோட்டுக்கு வந்து, பஸ் ஏறி உக்காந்த பெறகுதான் நெனப்பு வந்துச்சு. ஒடம்பு எப்படிம்மா இருக்கு, வலி கிலி இப்போ இல்லையேன்னு ஒரு வார்த்தை அந்தப் பிள்ளைகிட்ட நான் கேக்கல. அவ்வளவு நேரம் பக்கத்துல நின்னேன். கண்ணாடியையே பாத்துட்டு வந்துட்டேன்.

எறங்குற எடம் வந்துருச்சு போல இருக்கு. கொஞ்சம் வழி விடுங்க, தங்கச்சி. மகன் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன்னிருக்கான். என்ன பேசன்னு வழி பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன், இன்னும் ஒண்ணும் வரல.

இதுதான் அந்தச் சேலை. விசேசத்துக்கு உடுத்தத் தைரியம் வரல, இன்னைக்குத்தான் மொத தடவை உடுத்தியிருக்கேன். நீங்க வெளியூர்க்காரவுக, எங்கிட்ட மறைச்சுப் பேச உங்களுக்கு ஒண்ணும் இல்ல. சொல்லுங்க, நல்லா இருக்கா?